உழவுசால் மேல் ஒரு காடு

அட்லாண்டாவில் இறங்கப்போகும் விமானத்தில் சன்னலோர இருக்கை கிடைத்தவர்கள் முதலில் கவனிப்பது பச்சையைத்தான். 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழும் பெருநகரப் பகுதி அது. ஆனாலும் கூரைகளைவிட மரங்களே அதிகம் கண்ணில் படும். அமெரிக்காவின் தெற்கு மாநிலமான ஜார்ஜியாவில் மூன்றில் இரண்டு பங்கு நிலம் காடுதான். பார்ப்பவர்களுக்கு ஏதோ ஆதிவனம் மிச்சமிருப்பதாகத் தோன்றும். நூறு ஆண்டுகளுக்கு முன் அதே வழியில் பறந்திருந்தால் வெறிச்சோடிய சிவப்பு மேடுகளைத்தான் கண்டிருப்போம். இன்று நிற்கும் மரங்களில் பெரும் பகுதி, பருத்திக் காடாக உழுது கைவிடப்பட்ட நிலத்தில் தானாக முளைத்தும் நட்டும் வந்தவை.

அப்பலாச்சியன் மலைகளுக்கும் கடலோரச் சமவெளிக்கும் இடையே மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் பகுதிக்குப் பீட்மான்ட் என்று பெயர். கிரீக், செரோக்கி பழங்குடிகளின் நிலம் அது. அவர்களிடமிருந்து பறித்த நிலத்தை ஜார்ஜியா அரசு 1805 முதல் குலுக்கல் நடத்தி வெள்ளைக் குடியேறிகளுக்குக் கொடுத்தது. செரோக்கிகள் 1838இல் படை வைத்து விரட்டப்பட்டனர். அதற்கு முன்பே, 1793இல், சவானா நகருக்கு அருகே எலி விட்னி பருத்திக் கொட்டை நீக்கும் எந்திரத்தை உருவாக்கியிருந்தார். கொட்டை எடுக்கும் வேலை சுலபமானதும் பருத்தி உள்நாட்டு மேடுகளில் ஏறியது. அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களின் கையால் ஓக்கும் ஹிக்கரியும் நின்ற காடுகள் சாய்ந்தன.

பருத்தி மண்ணை மூடி வைக்கும் பயிர் இல்லை. வரிசைகளுக்கு நடுவே களை எடுத்து எடுத்துத் தரையை மொட்டையாக வைக்க வேண்டும். அறுவடைக்குப் பின் குளிர்காலம் முழுவதும் நிலம் வெறுமையாகக் கிடக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 50 அங்குல மழை கொட்டும் சரிவில் இப்படிச் செய்தால் என்ன நடக்கும்? 1846இல் மில்லெட்ஜ்வில் ஊருக்கு வந்த நிலவியல் அறிஞர் சார்லஸ் லயல் அதை நேரில் கண்டார். 55 அடி ஆழத்துக்குப் பிளந்து கிடந்தது ஒரு பள்ளம். இருபது ஆண்டுகளுக்கு முன் அங்கே பள்ளமே இருந்ததில்லை. மரங்களை வெட்டிய பிறகு வெயிலில் வெடித்த களிமண்ணில் மழைநீர் புகுந்து அறுத்த வேலை அது. மாநிலத்தின் தென்மேற்கில் பிராவிடன்ஸ் கேன்யன் என்று இன்று சுற்றுலாப் பயணிகள் வியந்து பார்க்கும் பள்ளத்தாக்கு 150 அடி ஆழம். அதுவும் சென்ற நூற்றாண்டுகளின் விவசாயம் வெட்டியதே.

பள்ளங்களைவிடப் பெரிய இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் நடந்தது. தெற்குப் பீட்மான்ட் முழுவதும் சராசரியாக 7 அங்குல மேல்மண் அரித்துப் போனதாகப் புவியியலாளர் ஸ்டான்லி டிரிம்பிள் 1974இல் கணக்கிட்டார். ஓர் அங்குல மண் உருவாகவே சில நூறு ஆண்டுகள் பிடிக்கும். ஜார்ஜியாவின் அடையாளமாகப் பாட்டிலும் கதையிலும் கொண்டாடப்படும் சிவப்புக் களிமண், உண்மையில் மேல்மண்ணுக்கு அடியில் மறைந்திருக்க வேண்டிய அடிமண். தோல் உரிந்த இடத்தைத்தான் நிறம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த மண் எங்கே போனது? பீட்மான்ட் ஓடை ஒன்றின் செங்குத்தான கரையைப் பார்த்தால் பதில் கிடைக்கும். மேலே ஆள் உயரத்துக்குச் செம்பழுப்பு வண்டல், மெல்லிய அடுக்குகளாகப் படிந்திருக்கும். அதற்குக் கீழே, பேனாவால் கோடு கிழித்தாற்போலத் திடீரென்று ஒரு கருத்த படுகை. குடியேறிகள் வருவதற்கு முன் ஓடைக்கரையில் இருந்த பழைய தரை அது. இலைமக்கு ஊறிய கருமை. அதற்கு மேலே உள்ளதெல்லாம் மேட்டிலிருந்து இறங்கிய பருத்தி வயல். கைவிரலால் ஒரு நூற்றாண்டு விவசாயத்தைத் தொட்டுப் பார்க்கலாம். பெருமழையின்போது ஓடை அந்தக் கரையை இன்றும் அறுத்துச் செல்கிறது.

1865க்குப் பிறகு அடிமைமுறை ஒழிந்தது. வாரச் சாகுபடி அதன் இடத்துக்கு வந்தது. சொந்த நிலமில்லாமல், விதைக்கும் உரத்துக்கும் கடன்பட்டு, விளைச்சலில் பங்கு கொடுத்து உழுத குடும்பங்களுக்கு மண்ணைக் காக்க வழியும் இல்லை, அவகாசமும் இல்லை. அவர்களைக் குறை சொல்வது அநியாயம். கடன் கொடுத்தவர்கள் பருத்தியைத்தான் கேட்டார்கள். முதல் உலகப்போர் தொடங்கிய காலத்தில் ஜார்ஜியாவில் 50 லட்சம் ஏக்கருக்கு மேல் பருத்தி நின்றது.

1915இல் பருத்திக் காய்க் கூன்வண்டு மாநிலத்துக்குள் நுழைந்தது. கால் அங்குல நீளமே உள்ள பூச்சி. மொட்டைத் துளைத்து முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்னும். பத்தாண்டுகளுக்குள் சாகுபடிப் பரப்பு ஏறத்தாழப் பாதியானது. கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் வடக்கே ரயிலேறினார்கள். வயல்கள் அப்படியே கிடந்தன.

கைவிட்ட வயலில் அடுத்து நடப்பதை ஒழுங்காகப் படித்தவர்களில் முக்கியமானவர், ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் சூழலியலாளர் யூஜீன் ஓடம். முதல் ஆண்டு களைப்பூண்டுகள் வருகின்றன. இரண்டு மூன்று ஆண்டுகளில் உயரமான புல் பிடிக்கிறது. பிறகு காற்றில் பறந்து வரும் பைன் விதைகள் புல்லுக்கு நடுவே முளைக்கின்றன. நல்ல வெயிலும் வெறும் மண்ணும் கேட்கும் மரம் பைன். அரித்துப்போன பருத்தி வயலில் இரண்டும் தாராளம். ஆனால் வளர்ந்த பைன் தன் நிழலிலேயே தன் கன்றை வளர்க்காது. அந்த நிழலில் ஓக்கும் ஹிக்கரியும் மெல்ல எழுந்து, நூறு ஆண்டு அளவில் இடத்தைப் பிடிக்கின்றன. மனிதர் கை வைக்காவிட்டால்தான் இந்த ஒழுங்கு. ஜார்ஜியாவில் கை வைத்தார்கள். 1930களில் வேதியியலாளர் சார்லஸ் ஹெர்ட்டி, தெற்கத்திப் பைனிலிருந்து செய்தித்தாள் காகிதம் செய்ய முடியும் என்று சவானாவில் நிரூபித்தார். காகித ஆலைகள் வந்தன. காடு மீண்டும் பயிரானது.

அரிப்பைத் தடுக்க அமெரிக்க அரசு எடுத்த முயற்சிகளில் ஒன்று நினைத்தாலே வருத்தம் தருவது. ஜப்பானிலிருந்து வந்த குட்சு என்னும் கொடியை நட, ஏக்கருக்கு 8 டாலர் வரை விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். மண்ணைப் பிடித்தது உண்மை. மரங்களையும் மின்கம்பங்களையும் சேர்த்துப் பிடித்தது. 1997இல் அதே அரசு அதைத் தீங்கான களை என்று பட்டியலிட்டது.

மரம் வந்ததும் மண் வந்துவிட்டதா? பக்கத்து மாநிலமான தெற்குக் கரோலினாவின் கால்ஹூன் சோதனைக் காட்டில், பழைய பருத்தி வயலில் வைத்த பைன்களை ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகளாகக் கண்காணித்து வருகிறார்கள். மரங்களிலும் சருகிலும் கரிமம் ஏராளமாகச் சேர்ந்தது. கனிம மண்ணில் சேர்ந்தது மிகச் சொற்பம். அரை நூற்றாண்டுக் காட்டாலும் அந்த ஏழு அங்குலத்தை ஈடுகட்ட முடியவில்லை. பீட்மான்ட் காடுகளுக்குள் நடந்தால் மரங்களுக்கு அடியில் பழைய வயல் வரப்புகள் சரிவைச் சுற்றி வளைந்து செல்வதை இன்றும் காணலாம்.

விவசாயம் அழியவில்லை, இடம் மாறியது. தெற்கே தட்டையான கடலோரச் சமவெளியில் நிலத்தடி நீரை இறைத்துச் சுழலும் பாசனக் குழாய்கள் 1970களில் பெருகின. நாட்டின் நிலக்கடலையில் பாதி அளவு ஜார்ஜியாவில் விளைகிறது. கூன்வண்டை ஒழிக்கும் இயக்கம் 1987இல் இங்கே தொடங்கியதும் பருத்தியும் திரும்பியது. வடக்கே கெயின்ஸ்வில் சுற்றுவட்டாரம் கோழிப்பண்ணைக்குப் போனது.

காலியான பீட்மான்ட்டில் அட்லாண்டா விரிந்தது. ஒரு காலத்தில் பருத்தி விளைந்த குவினெட் மாவட்டத்தில் 1950இல் சுமார் 32,000 பேர்; 2020இல் 9.5 லட்சம் பேர். ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் கிரீக் பக்கம் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இந்த அலையில் வந்தவையே. தாரும் சிமெண்டும் தேக்கிய வெப்பம் வானிலையையே அசைக்கிறது. 1996 ஒலிம்பிக் கோடையில் திரட்டிய அளவீடுகளை ஆராய்ந்தபோது, சூடான நகரம் சுற்றுப்புறக் காற்றைத் தன்பால் இழுத்து இடிமழையை உருவாக்குவது தெரிந்தது. இன்னொரு விந்தை: ஓக் போன்ற மரங்கள் வெயிலில் ஐசோப்ரீன் என்னும் ஆவியை விடுகின்றன. கார்களின் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு அது சேரும்போது, மூச்சை இறுக்கும் ஓசோன் பிறக்கிறது. மரங்கள் அதிகமுள்ள அட்லாண்டாவில் கார்ப்புகையைக் கட்டுப்படுத்தாமல் ஓசோன் குறையாது என்று ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 1988இல் காட்டினார்கள். மரத்தின் மேல் பழி இல்லை; புதிதாக வந்து சேர்ந்தது புகைதான்.

விட்டுப்போன வயல் பத்தாண்டில் பைன் காடாகும். வீட்டு மனையாகிச் சாலை போட்ட நிலம் அப்படித் திரும்புவதை ஜார்ஜியா இதுவரை பார்க்கவில்லை. ஆகவே எஞ்சிய காட்டையும் ஓடைக்கரைகளையும் மனைப்பிரிவு போடும் முன்பே ஒதுக்கி வைப்பதுதான் சரி என்பது என் துணிபு. அங்கே வீடு வாங்கிக் கத்தரியும் வெண்டையும் போட நினைக்கும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இலையுதிர் காலச் சருகை மூட்டை கட்டித் தெருவில் வைக்காதீர்கள், மண்ணிலேயே மக்க விடுங்கள். நடுவதற்கு முன் கொஞ்சம் மண்ணை, பெரும்பாலான மாவட்டங்களில் இருக்கும் ஜார்ஜியா பல்கலைக்கழக விரிவாக்க அலுவலகத்தில் கொடுங்கள். சிறு கட்டணத்தில் பரிசோதித்துத் தருகிறார்கள்.