காலையில் வெயில், மதியம் ஆலங்கட்டி: 14,000 அடி உயரத்தில் ஒரு நாள் எப்படி இருக்கும்?

30 விநாடி ரீல்ஸில் ஹம்ப்டா பாஸ் ரொம்ப அழகு. பச்சைப் புல்வெளி, பனி, நீல வானம், பின்னணியில் ஒரு பாட்டு. அதற்குப் பின்னால் இருக்கும் எட்டு மணி நேர நடையை யாரும் வீடியோ எடுப்பதில்லை. எடுக்கவும் முடியாது, விரல் விறைத்துப் போயிருக்கும்! 'மச்சி, இந்த வருஷம் மணாலி போறோம்டா' என்று ஆரம்பித்த வாட்ஸ்அப் குரூப் ஏதாவது ஒன்றில் நீங்கள் இருந்தால், தொடர்ந்து படியுங்கள்.

இமாச்சலப் பிரதேசத்தில் மணாலிக்கு அருகே இருக்கும் ஜோப்ராவில் நடை தொடங்கும். சிக்கா, பாலு கா கேரா முகாம்களைத் தாண்டினால் 4,270 மீட்டர் உயரத்தில் ஹம்ப்டா கணவாய். அந்தப் பக்கம் இறங்கினால் ஷியா கோரு, அடுத்து சத்ரு. மொத்தம் நான்கைந்து நாள். அதில் கணவாயைக் கடக்கும் நாள்தான் உண்மையான பரீட்சை. அந்த ஒரு நாளை மட்டும் பார்ப்போம்.

அதிகாலை 5 மணி: ஏன் இவ்வளவு சீக்கிரம்?

கைடு டென்ட்டைத் தட்டி எழுப்பும்போது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால், அதற்குக் காரணம் இருக்கிறது. வெயில் ஏற ஏற பள்ளத்தாக்கின் காற்று சூடாகி, சரிவில் மேலே ஏறும். மேலே போகப் போகக் குளிர்ந்து மேகமாகும். அதனால்தான் மலையில் காலை பளிச்சென்று இருந்தாலும், மதியத்துக்கு மேல் மழையோ ஆலங்கட்டியோ கொட்டும். மதியத்துக்குள் கணவாயைத் தாண்டிவிட வேண்டும் என்பதுதான் கணக்கு.

கிளம்பும் முன் பையை ஒருமுறை பாருங்கள். சுமை உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 60 கிலோ ஆள் என்றால் 12 கிலோ. ரெயின் கோட் பையின் அடியில் இருந்தால் அது இல்லாத மாதிரிதான், மேலேயே வையுங்கள். ஸ்லீப்பிங் பேக்கையும் ஒரு செட் காய்ந்த துணியையும் பெரிய பிளாஸ்டிக் கவரில் கட்டிவிடுங்கள். என்ன மழை வந்தாலும் அந்த செட்டைத் தொடக் கூடாது, அது ராத்திரிக்கு.

காலை 9 மணி: வியர்வையும் ஒரு எதிரி

ஏறும்போது உடம்பு கொதிக்கும். ஸ்வெட்டரோடு ஏறினால் வியர்வையில் நனைவீர்கள். நின்றதும் காற்று அடிக்கும், பல் கிட்டிக்கும். அதனால் ஒரே ஒரு தடிமனான ஜாக்கெட்டைவிட, கழற்றிப் போடக்கூடிய மூன்று மெல்லிய அடுக்குகள் மேல். வியர்க்கும் முன் ஒன்றைக் கழற்றுங்கள். நிற்கும்போது உடனே போட்டுக்கொள்ளுங்கள்.

நம்ம ஊர் வெயிலுக்குச் சொர்க்கமான காட்டன் டிஷர்ட்டும், ஜீன்ஸும் அங்கே வேண்டாம். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், லேசில் காயாது. காய்ந்த காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் நம் உடல் சூட்டை இழுத்துவிடும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை குறையும்.

பகல் 12 மணி: 'எனக்கு ஒண்ணும் இல்ல மச்சி'

கணவாயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவிகிதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜனும் அதே அளவு குறைகிறது. தலைவலி, குமட்டல், சாப்பாடு பிடிக்காமல் போவது, தலைசுற்றல்... இவையெல்லாம் உயர நோயின் அறிகுறிகள். ஜிம் போகிற ஆளுக்கும் வரும், மாரத்தான் ஓடுகிறவருக்கும் வரும். இதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

ஆனால், குரூப்பில் ஒருவர் கட்டாயம் கூச்சப்படுவார். தன்னால் எல்லாருடைய ட்ரிப்பும் கெடக் கூடாது என்று 'எனக்கு ஒண்ணும் இல்ல' என்பார். ஆபத்து தொடங்குவது இங்கேதான். விதி எளிது: தலைவலியோடு இந்த அறிகுறிகள் இருந்தால் மேலே ஏறக் கூடாது. ஓய்வெடுத்தும் கூடினாலோ, நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறக்க வேண்டும். தனியாக அனுப்பக் கூடாது.

இதே நேரத்தில் மேகம் சூழ்ந்து இடி கேட்டால்? போட்டோவை மறந்துவிட்டு உச்சியை விட்டு இறங்குங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்கும் குறைவான இடைவெளி என்றால், மின்னல் உங்களை எட்டும் தூரத்தில் இருக்கிறது. கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு அரை மணி நேரமாவது காத்திருங்கள்.

பிற்பகல் 3 மணி: வேறு ஒரு நாடு மாதிரி

கணவாய்க்கு இந்தப் பக்கம் குலு, பச்சைப்பசேல். அந்தப் பக்கம் லாஹௌல், பழுப்பு நிறக் கல்லும் மண்ணும். பருவமழை மேகத்தை மலை மறித்துவிடுவதுதான் காரணம். மேற்குத் தொடர்ச்சி மலையில் கேரளப் பக்கம் கொட்டுகிற மழை, கம்பம் பள்ளத்தாக்குக்கு வரும்போது மெலிந்துபோகுமே, அதே கதைதான்.

இறக்கம்தானே என்று அசட்டையாக இருக்காதீர்கள். களைத்த முழங்காலும் ஈரப் பாறையும் சேர்ந்தால் சறுக்கல்தான். கைத்தடியைக் கொஞ்சம் நீளமாக்கி, சின்னச் சின்ன அடியாக வையுங்கள். பனி உருகி வரும் ஓடைகளில் காலையைவிட மாலையில் தண்ணீர் அதிகம். இறங்கும் முன் பையின் இடுப்பு பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடியும். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடினால் கடக்கவே வேண்டாம், மறுநாள் காலை வரை காத்திருங்கள்.

மாலை 6 மணி: நண்பனைக் கவனியுங்கள்

முகாமில் எல்லாரும் டீ குடிக்கும்போது ஓரமாக உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள். பேச்சு குழறுகிறதா? ஜிப்பைப் போட விரல் வரவில்லையா? நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்திவிட்டாரா? உடல் சூடு ஆபத்தான அளவுக்குக் குறைகிறது என்று அர்த்தம். ஈரத் துணியை மாற்றி, தலையோடு போர்த்தி, தரையின் குளிர் ஏறாமல் அடியில் பாய் விரியுங்கள். தெளிவாக இருந்தால், விழுங்க முடிந்தால், சர்க்கரை போட்ட சூடான பானம் கொடுங்கள். மது வேண்டவே வேண்டாம், அது உடல் சூட்டை இன்னும் வேகமாக வெளியேற்றும். குழறலும் தள்ளாட்டமும் குறையவில்லை என்றால், விடியும்வரை காத்திருக்காமல் உதவி கேளுங்கள்.

போனை ஏரோப்ளேன் மோடில், சட்டையின் உள்பையில் வையுங்கள். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். வழியில் சிக்னலை நம்ப முடியாது. அதனால் கிளம்பும் முன்பே, எந்த வழி, எந்தத் தேதியில் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. 'இத்தனை மணிக்குள் மேலே போகவில்லை என்றால் திரும்பிவிடுவோம்' என்று முதல் நாள் இரவே, சூடாகச் சாப்பிட்டு, தெளிவாக இருக்கும்போது பேசி வைத்துக்கொள்ளுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரியும்போது யாருக்கும் திரும்ப மனசு வராது. கணவாய் அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும். நீங்களும் இருக்க வேண்டும் அல்லவா!