விரல் இடுக்கில் ஒரு புண்

காத்தோங் சிலோன் ரோட்டில் உள்ள செண்பக விநாயகர் ஆலயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. எதிரே உட்கார்ந்திருந்த இளைஞர் சாம்பார் சாதத்தைக் கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிவகங்கைப் பக்கத்துக்காரர். “கையால சாப்பிட்டா எரியுதுண்ணே” என்று விரல்களை விரித்துக் காட்டினார். இடுக்குகளில் தோல் சிவந்து, வெடித்து, ஓரங்களில் பொருக்குத் தட்டியிருந்தது.

உபியில் ஓர் இயந்திரப் பட்டறையில் லேத் ஓட்டுகிறார். “சேற்றுப்புண்ணுன்னு நினைச்சு களிம்பு போட்டேன், கேக்கல. லீவுல ஊருக்குப் போனப்ப தானா ஆறிடுச்சு. திரும்பி வந்த நாலாம் நாளே மறுபடியும் வந்திருச்சு.”

அவர் கடைசியாகச் சொன்னதில்தான் நோயின் துப்பு இருக்கிறது. விடுப்பில் ஆறி, வேலைக்குத் திரும்பியதும் கிளம்பும் புண்ணுக்குப் பெரும்பாலும் வேலையே காரணம்.

பால் நிறத் தண்ணீர்

உலோகத்தைக் கடையும்போது சூடு தணிக்க ஊற்றும் ‘கூலண்ட்’ பெரும்பகுதி தண்ணீர்தான். ஆனால் எண்ணெயைத் தண்ணீரோடு கலக்கும் பொருளும், கிருமி வளராமல் தடுக்கும் மருந்தும் அதில் உண்டு. சோப்பைப் போல் காரத்தன்மை கொண்ட அது, நாள் முழுவதும் கையில் பட்டால் தோலின் இயற்கை எண்ணெய்ப் பசையைக் கரைத்துவிடும். உலோகச் சீவல்கள் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடும். தொட்டியில் தண்ணீர் ஆவியாக ஆவியாகக் கலவை கடுமையாகும். நிக்கல், கோபால்ட் போன்ற உலோகங்களும் அதில் சேரும். சிலருக்கு இவற்றால் ஒவ்வாமையே வந்துவிடும். அதன்பின் சிறிதளவு பட்டாலும் அரிக்கும்.

இன்னொரு வகையும் உண்டு. எண்ணெய் ஊறிய சட்டை உரசும் முன்கையிலும் தொடையிலும் மயிர்க்கால்கள் அடைபட்டுப் பருக்களாகப் புடைக்கும். எண்ணெய்த் துணியைக் கால்சட்டைப் பையில் செருகிக்கொள்ளும் பழக்கம் இதற்கு வழி.

கழுவுவதே காயமாகும்போது

வேலை முடிந்ததும் கறை போக தின்னர், மண்ணெண்ணெய், துணி சோப்புத்தூள் போட்டுத் தேய்ப்பவர்கள் பலர். ஏற்கெனவே நொந்த தோலுக்கு அது இரண்டாவது அடி. மென்மையான சோப்பால் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்து, வாசனை சேர்க்காத களிம்பு தடவுவதே நல்லது. ஊரிலிருந்து கொண்டுவரும் கலவைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. நாள்பட்டால் தோல் மெலிந்துவிடும்.

கையுறை போட்டால் போதாதா? சுழலும் லேத் அருகே கையுறை சிக்கினால் கையையே இழுத்துவிடும். அங்கே தெறிப்பைத் தடுக்கும் கவசமும், கலவையின் அடர்த்தியை அவ்வப்போது அளந்து பழையதை மாற்றுவதும்தான் பாதுகாப்பு. இவை ஊழியர் கையில் இல்லை. முதலாளி செய்ய வேண்டியவை.

மருத்துவரிடம் போகும்போது என்ன கலவை பயன்படுத்துகிறீர்கள் என்று சொல்லுங்கள். டப்பாவின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது. தேவைப்பட்டால் முதுகில் சிறு ஒட்டுகள் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, மீண்டும் பார்த்து, ஒவ்வாமை எதனால் என்று கண்டுபிடிப்பார்கள். தேசியத் தோல் நிலையத்தில் இச்சோதனை செய்யப்படுகிறது.

“வேலை போயிடுமாண்ணே?”

சாப்பிட்டு எழுந்தபோது அவர் கேட்டது இது. மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்புபவரின் கேள்வி.

சிங்கப்பூரில் வேலையால் வரும் தோல் நோய், மனிதவள அமைச்சிடம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் வேலை அனுமதிச் சீட்டில் வந்தவருக்கும் பொருந்தும். மருத்துவச் செலவும் மருத்துவ விடுப்புச் சம்பளமும் அதில் அடங்கும். சட்டம் இருப்பதாலேயே பயம் முழுதாகப் போய்விடாது என்பதும் உண்மைதான். ஆனால் புண்ணை மறைத்து வைத்தால், ஒவ்வாமை முற்றி, கற்ற தொழிலையே விட வேண்டிய நாள் வரலாம்.

“வர்ற வாரம் டாக்டரைப் பாக்குறேன்” என்றார் தம்பி. கை கழுவும் இடத்தில், தண்ணீர் பட்டதும் முகம் சுளித்தார்.