அனக்கோஸ்ரியாவிற் சில வள்ளங்கள்

சென்ற வைகாசியில் வாஷிங்டன் நகரில் என் தம்பி இல்லத்திற் சில வாரம் தங்கியிருந்தேன். ஒரு ஞாயிறு விடியலில் அவன், "அண்ணை, வள்ளத்திலே பறவை பார்க்கப் போகிறார்கள், நாங்களும் போவோமா?" என்றான். பண்டிதனுக்கு மறுப்பேது? நற்றிணையில் நாரையை முப்பது ஆண்டு படிப்பித்தவன், நேரில் நின்று பார்த்தது ஒரு நாழிகை இராது. ஆனால், வெள்ளையரல்லாதாருக்கென்றே வகுத்த பயணம் அது என்றறிந்ததும் முகஞ் சுளித்தேன்.

"பறவைக்கு ஏதடா நிறம்? இதுவும் ஒரு பிரிவினைதானே?"

"வந்து பாருங்கோ" என்றான்.

அனக்கோஸ்ரியா, வாஷிங்டனின் கிழக்குப் பகுதியை ஊடறுத்துச் சென்று பொற்றோமாக் நதியிற் கலக்கும் ஆறு. கடலின் ஏற்றவற்று அதனுள்ளும் புகும். அதன் கீழ்க்கரையில் வாழ்வோரிற் பெரும்பாலார் கறுப்பின மக்கள். கென்னில்வேர்த் சதுப்பிலே காட்டு நெல் இளம்பச்சையாய் முளைத்திருந்தது. நாணல்தோறும் செந்தோட் கரும்பறவைகள் அமர்ந்து, தோளிற் செம்மையைக் காட்டிக் கூவின. நீல நாரையொன்று அசையாது நின்றது. என் துடுப்பு நீரில் அறைந்த ஓசைக்கு அது எழுந்து பறந்தது. வள்ளத்திலிருந்தோர் சிரித்தனர். நாரையைப் பாட்டிற் காண்பதே எனக்குப் பொருந்தும் போலும்!

எங்கள் வள்ளத்தைச் செலுத்தியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, கறுப்பினத்தவர். அவர் துடுப்பால் ஒரு புற்றரையைச் சுட்டினார். முன்னர் அது நகரத்துக் குப்பைமேடாம். திறந்த வெளியிலேயே குப்பையை எரிப்பார்களாம். 1968 இல் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் அத்தீயில் அகப்பட்டு மாண்டான். அதன் பின்னரே எரிப்பது நின்றது. 1949 இல் இவ்வாற்றங்கரை நீச்சற் குளத்திற் கறுப்புச் சிறுவர் இறங்கியபோது கலகம் மூண்டு, குளமே மூடப்பட்டது. மறுகோடையிலேதான் எல்லாருக்குமெனத் திறந்தார்கள்.

"ஆற்றுப்பக்கம் போகாதே என்றுதான் எங்களை வளர்த்தார்கள்" என்றார் அவர்.

2020 மே 25 இல் நியூயோர்க் நகரப் பூங்காவிலே பறவை பார்த்துக்கொண்டிருந்த கிறிஸ்ரியன் கூப்பர், நாயைக் கட்டும்படி ஒரு பெண்ணைக் கேட்டார். அவளோ, கறுப்பன் ஒருவன் தன்னை அச்சுறுத்துகிறான் என்று பொலிசாரை அழைத்தாள். ஒரு கிழமைக்குள் கறுப்பினப் பறவை நோக்குநர் வாரம் தொடங்கிற்று. இச்செய்தியை அக்காலத்தே பத்திரிகையிற் படித்து, மறந்தும் விட்டேன். ஆசிரியை மறக்கவில்லை. தொலைநோக்காடியுந் தானுமாய்த் தம் மகன் நாணலுக்குள்ளே தனித்து நிற்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது என்றார். கூட்டமாய் வந்தால் அப்பதற்றம் இல்லையாம்.

பிரிவினை என்று தம்பியிடஞ் சொன்ன சொல் என் நாவிற் கசந்தது. அவன் ஒன்றும் பேசாது துடுப்பு வலித்தான்.

வற்றுத் தொடங்கவே வள்ளத்தின் அடி சேற்றில் உரசிற்று. திரும்புகையிலே, மேலே வட்டமிட்ட பருந்துபோன்ற பறவையொன்று காலை நீட்டிப் பாய்ந்து மீனொன்றைத் தூக்கிச் சென்றது.

"உங்கள் மொழியில் இதற்கென்ன பெயர்?" என்று ஆசிரியை கேட்டார்.

"விரால் அடிப்பான்" என்றேன்.

ழகரமின்மையால் அவர் தப்பினார். மூன்றாம் முறை செம்மையாகவே உச்சரித்தார்.