கணனியில் ‘அக்டிவேட் செய்யவும்’ என்று வந்தால் என்ன செய்யலாம்?



கணனி என்பது நம் கொத்மலைக்குப் புதிய விசயமல்ல. 1989இல் தொடங்கிய கொத்மலை சமுதாய வானொலி, 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியோடு இணையத்தை நேயர்களிடம் கொண்டு வந்தது. நேயர்கள் கேட்ட கேள்விகளுக்கு நிலையத்தார் இணையத்தில் தேடி, கிடைத்ததை வானொலியில் விளக்கிச் சொன்னார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் அத்திட்டத்தின் கீழ் இணைய வசதி செய்யப்பட்டது. இன்று லயத்து வீடுகளிலேயே லெப்டொப் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசில் வாங்கியவை அவை.

இந்தக் கணனிகளில் இப்போது ஒரு தொல்லை அடிக்கடி வருகிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்தியது. அதனால் பலர் கடையில் கொடுத்து விண்டோஸ் 11 போட்டுக்கொள்கிறார்கள். போடுகிறவர், “ஹோமை விட ப்ரோ நல்லதுக்கா” என்று வகையையும் மாத்தி விடுவதுண்டு. வீட்டுக்கு வந்து திறந்தால், திரையின் வலப்பக்கக் கீழ் மூலையில் மங்கலாக ஒரு வரி நிற்கும்: விண்டோஸை அக்டிவேட் செய்யவும்.

முதலில் பயத்தை விடுங்கள்

இந்த வரி வந்ததால் கணனி நின்று போகாது. பிள்ளையின் பாடக் குறிப்புகளும் படங்களும் அழியாது. பாதுகாப்புத் திருத்தங்களும் வந்துகொண்டிருக்கும். திரைப்படம், நிறம் போன்றவற்றை செட்டிங்ஸ் வழியாக மாற்ற முடியாது, அவ்வளவுதான். ஆகவே அன்றைக்கே கடன்பட்டுக் காசு கொடுக்க ஓட வேண்டியதில்லை. ஆற அமரக் காரணத்தைப் பார்க்கலாம்.

ஏன் இப்படி வருகிறது?

நாவலப்பிட்டியில் ரயில் ஏறுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கையில் மூன்றாம் வகுப்பு டிக்கெட். ஏறி உட்கார்ந்தது இரண்டாம் வகுப்புப் பெட்டி. ரயில் ஓடும், நானுஓயாவுக்கும் போகும். ஆனால் டிக்கெட் பரிசோதகர் வந்தால், “இந்த டிக்கெட் இந்தப் பெட்டிக்கு இல்லையே” என்பார்.

விண்டோஸும் அப்படித்தான். 10, 11 என்பது தலைமுறை. ஹோம், ஹோம் சிங்கிள் லாங்குவேஜ், ப்ரோ என்பவை வகுப்புகள். கணனி வாங்கும்போது ஏதாவது ஒரு வகுப்புக்குத்தான் உரிமம் கிடைக்கிறது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து வந்த லெப்டொப்களில் அந்த உரிமத்தின் சாவி எண் பெரும்பாலும் தாய்ப்பலகையிலேயே, அதாவது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். உரிமமுள்ள விண்டோஸ் 10 ஹோம், விண்டோஸ் 11 ஹோம் ஆவதற்குக் காசு தேவையில்லை. ஹோம் என்பது ப்ரோ ஆவதற்குத்தான் தனி உரிமம் வேண்டும். அமெரிக்காவில் அதன் விலை 99 டொலர். ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் ஏறக்குறைய முப்பதாயிரம் ரூபா. நம் பிள்ளையின் படிப்புக்கு ஹோம் தாராளமாகப் போதும்.

யூடியூபில் சொல்லும் சில சாவி எண்கள் வகையை மாற்றுவதற்கு மட்டும் உதவும் பொது எண்கள். அவை அடுத்த பெட்டியின் கதவைத் திறந்துவிடும். டிக்கெட் தராது.

எங்கே பார்ப்பது?

விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் அக்டிவேஷன். எந்த வகுப்புப் போட்டிருக்கிறது, உரிமம் உண்டா, பிழை எண் என்ன என்று அங்கே காட்டும். பிழை எண்ணின் கடைசி நான்கு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. எஃப் 210: போட்ட வகுப்பும் உரிமத்தின் வகுப்பும் வேறு. மேலே சொன்ன ரயில் கதை இதுதான்.

2. எஃப் 211: கணனியின் உறுப்பு மாறியிருக்கிறது. மதர்போர்ட் மாற்றிய பிறகு இது வரும்.

3. எஃப் 074: ஏதோ ஒரு நிறுவனத்தின் உள் சேவையகத்தைக் கணனி தேடுகிறது. கம்பனிகள் கழித்து விற்ற லெப்டொப்களில் இதைக் காணலாம். கம்பனியின் கூட்டு உரிமம் லெப்டொப்போடு நமக்கு வருவதில்லை.

4. சி 003, சி 008: முதலாவது, செல்லாத அல்லது தடுக்கப்பட்ட சாவி எண். இரண்டாவது, அனுமதித்ததை விட அதிக கணனிகளில் பாவித்த எண். மலிவாக விற்கும் எண்களை வாங்கி ஏமாறுவது இப்படித்தான்.

சரி செய்யும் வழி

முதலில் கணனியின் திகதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் சிறு பற்றரி தீர்ந்தால் நேரம் பிழைத்து, மைக்ரோசொஃப்டின் சேவையகத்தோடு தொடர்பு தடைப்படலாம். பிறகு சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் கைத்தொலைபேசியின் டேட்டாவை இணைத்து, அக்டிவேஷன் பக்கத்திலுள்ள ட்ரபள்ஷூட் என்பதை அழுத்துங்கள். உறுப்பு மாற்றிய கணனி என்றால், அங்கே அண்மையில் ஹார்ட்வெயார் மாற்றியதாகச் சொல்லும் இணைப்பு இருக்கும். முன்னரே மைக்ரோசொஃப்ட் கணக்கோடு உரிமத்தை இணைத்திருந்தால் அது பெரிதும் உதவும். எனவே, திருத்தக் கொடுக்கும் முன்பே அந்தக் கணக்கை இணைத்து, கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

எஃப் 210 என்றால் பழைய வகுப்பை மீண்டும் போடுவதே காசில்லாத வழி. ப்ரோவிலிருந்து ஹோமுக்குச் சாவி எண்ணை மாற்றி இறங்க முடியாது, புதிதாகப் போட வேண்டும். அப்போது உள்ளிருப்பவை அழியும். ஆகவே முதல் வேலை, படங்களையும் பாடங்களையும் வேறொரு பென்டிரைவில் எடுத்து வைப்பது. பிறகு மைக்ரோசொஃப்டின் சொந்தத் தளத்திலிருந்து இலவசமாக இறக்கி, குறைந்தது 8 ஜிபி உள்ள வெறும் பென்டிரைவில் ஏற்றிப் போடலாம். தாய்ப்பலகையில் எண் இருந்தால், விண்டோஸ் அதைத் தானே வாசித்துச் சரியான வகுப்பைத் தேர்ந்தெடுக்கும். இணையம் கிடைத்ததும் அக்டிவேட் ஆகிவிடும்.

அடியில் விண்டோஸ் 7 ஸ்டிக்கர் இருக்கிறதே என்று கேட்கலாம். அந்தப் பழைய எண்களை வைத்துப் புதிய விண்டோஸை அக்டிவேட் செய்யும் வழியை 2023 செப்டெம்பரில் மூடிவிட்டார்கள்.

‘கிராக்’ வேண்டாம்

“ஒரு சின்ன சொஃப்ட்வெயார் போட்டா சரியாப் போகும்” என்று யாரும் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதைப் போட வைரஸ் காவலை நிறுத்தச் சொல்வார்கள். காவற்காரனைத் தூங்க வைத்துவிட்டுக் கதவைத் திறப்பது போன்றது இது. கொழும்பிலோ வெளிநாட்டிலோ உழைக்கும் பிள்ளை அனுப்பிய பணத்தை அந்தக் கணனியில் பார்க்கிறீர்கள் என்றால், வங்கிக் கடவுச்சொல்லே களவு போகலாம். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணனி மென்பொருளையும் பாதுகாக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

உரிமமே இல்லாத பழைய கணனி என்றால், உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை முற்றிலும் இலவசம். எழுத்து வேலைக்கு லிப்ரே ஒஃபிஸும் இலவசம்.

கடையில் கேட்க வேண்டியவை

லெப்டொப்பைக் கையை விட்டுக் கொடுக்கும் முன் கூச்சப்படாமல் கேளுங்கள்:

“தம்பி, இதுல இப்ப இருக்கிறது ஹோமா, ப்ரோவா?”

“அதே வகையைத்தான் திரும்பப் போடுவீங்களா?”

“பிள்ளையோட ஃபைல் எல்லாம் எடுத்து வச்சிட்டுத்தானே செய்வீங்க?”

“அக்டிவேட் ஆனதைக் காட்டிட்டுத்தான் காசு வாங்கணும். எந்த வகை போட்டீங்கன்னு பில்லுல எழுதித் தாங்க.”

கொழுந்து நிறுக்கும்போது தராசைப் பார்க்காமல் நாம் நகர்வதில்லை. கணனிக்குக் காசு கொடுக்கும்போதும் அந்த அக்டிவேஷன் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கொடுப்போம்.