மாத்திரை வீடு தேடி வருகிறது. தாங்கிப் பிடிக்க யார் வருவார்?

திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஒரு தலித் குடியிருப்பு. காலை எட்டு மணிக்குள் தெரு காலியாகிவிடுகிறது. வேலைக்குப் போகக்கூடியவர்கள் வயலுக்கும் நூறு நாள் வேலைக்கும் போய்விட்டார்கள். இளைஞர்களில் பலர் திருப்பூரில், சென்னையில். இப்போது தெருவில் மிஞ்சியிருப்பவர்கள் முதியவர்கள் மட்டுமே.

ஒரு தொகுப்பு வீட்டின் திண்ணையில் அறுபத்தெட்டு வயது அம்மா உட்கார்ந்திருக்கிறார். உள்ளே கயிற்றுக் கட்டிலில் அவருடைய கணவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. அம்மாவுக்கும் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு.

"மாத்திரைய வூட்டுக்கே கொண்டாந்து குடுக்குறாங்க தம்பி, அதக் குறை சொல்ல மாட்டேன். ஆனா இவரத் தூக்கி உக்கார வைக்கணும், கழுவி வுடணும். எனக்கே முட்டி நிக்கல. அதுக்கு யாரு வருவா?" என்கிறார்.

அந்தக் கேள்விக்குத்தான் நம்மிடம் பதில் இல்லை.

மருந்து மட்டும் போதுமா?

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவது, இயன்முறை சிகிச்சை, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நோய் ஆதரவு சிகிச்சை ஆகியவை இதில் அடங்கும். பஸ் ஏற முடியாத முதியவர்களுக்கு இது பெரிய உதவி. இந்தத் தெருவிலும் மகளிர் குழுவைச் சேர்ந்த சுகாதாரத் தன்னார்வலர் மாதந்தோறும் வந்து போகிறார்.

ஆனால் இயன்முறை மருத்துவரும் நோய் ஆதரவு செவிலியரும் வட்டாரம் முழுவதையும் பார்க்க வேண்டியவர்கள். அவர்கள் வந்து போனபின் அடுத்த முறை வரும்வரை இருக்கும் நாட்கள் குடும்பத்தின் பொறுப்பு. படுக்கைப் புண் வராமல் இருக்க நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மருமகள் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்க யார் புரட்டுவது?

சர்க்கரை மாத்திரை போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சோறு பொங்க முடியாமல் படுத்துவிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். கழிப்பறைக்கு அழைத்துப் போக ஆள் இல்லை என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் முதியவர்கள் உண்டு. அது மலச்சிக்கலிலும் சிறுநீர்த் தொற்றிலும் கொண்டுபோய் விடும். இந்த அம்மாவும் சாயங்காலத்துக்கு மேல் கணவருக்குத் தண்ணீர் தருவதில்லை. "ராத்திரில தூக்க முடியாது தம்பி" என்கிறார்.

வீடும் தெருவும்

வீட்டு வாசலில் மூன்று படி. அரசு உதவியில் கட்டிய கழிப்பறை உண்டு, ஆனால் அதில் குத்துக்கால் வைத்துத்தான் உட்கார வேண்டும். கால் மடங்காத மனிதருக்கு அதனால் பயன் இல்லை. பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும், துளையிட்ட ஒரு நாற்காலியும் இருந்தால் அவரே பாதி வேலையைப் பார்த்துக்கொள்வார். தண்ணீர்க் குழாய் தெருமுனையில். 108 வண்டி சந்துக்குள் நுழையாது. அவசரம் என்றால் நான்கு பேர் கட்டிலோடு தூக்கி வர வேண்டும். அந்த நான்கு பேர் பகலில் தெருவில் இருப்பதில்லை.

அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. வரவேற்க வேண்டிய அறிவிப்பு. பெயர் மாறுவதோடு சந்தின் அகலமும் மாற வேண்டும்.

நாற்பது ரூபாயில் ஒரு நாள்

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-இல் தொடங்கியது. 2023 முதல் மாதம் 1,200 ரூபாய். நாளுக்கு நாற்பது ரூபாய். ஒன்றிய அரசின் திட்டத்தில் வருபவர்களுக்கு அந்த அரசின் பங்கு 79 வயது வரை 200 ரூபாய், 80 வயதுக்கு மேல் 500 ரூபாய். இந்த 200 ரூபாய் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக உயரவில்லை. நாளுக்கு இரண்டு டயப்பர் மாற்ற வேண்டியவருக்கு உதவித்தொகை முழுவதும் அதிலேயே கரைந்துவிடும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்று கேட்கலாம். அது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் உதவும். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து வீட்டில் படுத்திருக்கும் ஆண்டுகளுக்கு உதவாது.

இது எல்லாச் சாதி முதியவர்களுக்கும் உள்ள சிக்கல்தானே என்றும் கேட்கலாம். நோய் எல்லோருக்கும் வரும்தான். ஆனால் நிலமும் பென்ஷனும் உள்ள வீட்டில் ஆள் வைத்துப் பார்க்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி திருவாரூர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 34 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். மாநிலத்திலேயே இதுதான் அதிக விகிதம். இவர்களில் பெரும்பாலோர் காலமெல்லாம் அடுத்தவர் வயலில் உழைத்தவர்கள். கூலி வேலைக்கு பென்ஷன் கிடையாது. குனிந்தே நாற்று நட்ட முதுகு அறுபது வயதுவரை காத்திருப்பதும் இல்லை.

அதே தெருவைச் சேர்ந்த ஒரு பெண் சென்னையில் ஒரு வீட்டில் தங்கி, படுத்திருக்கும் பாட்டியைப் பார்த்துக்கொள்கிறார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் போடுவது எல்லாம் அவர்தான். அங்கே அதற்குச் சம்பளம் உண்டு. இங்கே அதே வேலையை இன்னொரு பெண் கூலியை இழந்து செய்கிறார். அதற்கு 'மருமகள் கடமை' என்று பெயர்.

கேரளம் காட்டும் வழி

பக்கத்து மாநிலமான கேரளம் நோய் ஆதரவு சிகிச்சைக்கென 2008-இலேயே கொள்கை வகுத்தது. படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்குச் சென்று பார்ப்பது உள்ளாட்சிகளின் பொறுப்பாகவும் ஆனது. 'ஆசுவாசகிரணம்' என்ற திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவரை முழுநேரமும் கவனிப்பவருக்கு மாதம் 600 ரூபாய் என்று வைத்தார்கள். தொகை சிறியதுதான். ஆனால் கவனிப்பதும் ஒரு வேலை என்பதை அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது.

இங்கும் அதற்கு வழி இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கு 2024-இல் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. இந்த நிதி சாலைக்கும் கட்டடத்துக்கும் மட்டும் என்று இருக்க வேண்டியதில்லை. ஊராட்சிக்கு இரண்டு பராமரிப்புப் பணியாளர்கள், அதே தெருப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மாதச் சம்பளத்தில் என்று கேட்க முடியும். கேட்க வேண்டும்.

இப்போதே செய்யக்கூடியவை

பக்கவாதத்தால் கை கால் விழுந்தவர் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. மருத்துவக் குழு 75 சதவீதத்துக்கு மேல் கடும் பாதிப்பு என்று சான்று அளித்தால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனு செய்யலாம். இது முதியோர் உதவித்தொகையைவிட 800 ரூபாய் அதிகம். இதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும்.

ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவரும் 'தாயுமானவர்' திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. தகுதி இருந்தும் வீட்டுக்கு வரவில்லை என்றால் கடையில் கேளுங்கள். முதியோர் உதவி எண் 14567.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் எழுந்து நடக்க முடியாதவர்கள் எத்தனை பேர், அவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள், எந்த உதவித்தொகை வருகிறது, எது வரவில்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டம் நடக்கிறது. அடுத்த கூட்டத்தில் அந்தப் பட்டியலை வாசித்துத் தீர்மானமாக்கச் சொல்லுங்கள். படுத்திருப்பவர்களால் கிராம சபைக்கு வர முடியாது. அவர்களுடைய பெயர்களை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

நாம் கிளம்பும்போது அந்த அம்மா சொன்னார்: "செத்தா தூக்க நாலு பேரு வந்துருவாங்க தம்பி. உசுரோட இருக்கயில தூக்க ஒருத்தர் வந்தாப் போதும்."