லாபக் கணக்கில் அடங்காத விமான நிலையங்கள்

ஒரு விமான நிலையத்தை நிர்வகிக்கும் ஸ்தாபனம் எதற்காக இருக்கிறது என்று கேட்டால், விமானங்கள் வந்து இறங்கவும் ஏறிச் செல்லவும் இடம் கொடுத்து, அதற்குரிய கட்டணத்தை வசூலித்துக்கொள்வதற்காக என்றே பெரும்பாலோர் விடை சொல்வார்கள். லண்டன், பாரிஸ் போன்ற மாநகரங்களைப் பொறுத்தவரை அந்த விடை ஏறக்குறையப் போதுமானது. ஆனால் ஸ்காட்லாந்தின் வடகோடியிலும், அதற்கு அப்பால் அட்லாண்டிக் சமுத்திரத்தில் சிதறிக் கிடக்கும் தீவுகளிலும், நாளொன்றுக்கு ஒன்றிரண்டு சிறிய விமானங்களே வந்து போகும் நிலையங்களைத் தீயணைக்கும் வண்டியோடும் பயிற்சி பெற்ற ஆட்களோடும் ஆண்டு முழுவதும் பொதுப்பணத்தில் ஏன் பராமரிக்கிறார்கள் என்பதற்கு அந்த விடை சமாதானம் ஆகாது.

இந்த நிலையங்களை நடத்துவது ‘ஹைலண்ட்ஸ் அண்ட் ஐலண்ட்ஸ் ஏர்போர்ட்ஸ்’ என்ற ஸ்தாபனம். 1986-இல் பிரிட்டனின் சிவில் விமானத் துறை ஆணையத்துக்கு உட்பட்ட ஒரு கம்பெனியாகத் தோன்றி, 1995-இல் ஸ்காட்லாந்து விவகாரங்களுக்கான மந்திரியின் பொறுப்புக்கு மாறி, இப்போது ஸ்காட்லாந்து சர்க்காருக்கே சொந்தமாக இருக்கிறது. இன்வர்னஸ், டண்டீ, விக், கேம்பெல்டவுன், கர்க்வால், சம்பரா, ஸ்டோர்னோவே, பென்பெக்யூலா, பாரா, டைரீ, ஐலா ஆகிய பதினொரு நிலையங்கள் அதன் வசம் உள்ளன. பெயரளவில் கம்பெனிதான், ஆயினும் வரவு செலவுக்குப் போதாமல், ஆண்டுதோறும் துண்டு விழும் தொகையைச் சர்க்கார் மானியமாகக் கொடுத்து ஈடுசெய்கிறது.

இவற்றுள் பாரா தீவின் நிலையம் விசித்திரமானது. அதற்குத் தார்போட்ட ஓடுபாதையே கிடையாது. அகன்ற விரிகுடா ஒன்றில், கடல் வற்றியபின் வெளிப்படும் கெட்டியான மணற்பரப்பில்தான் 1936 முதல் விமானங்கள் இறங்கி வருகின்றன. காற்று எத்திசையிலிருந்து வீசினாலும் அதை எதிர்கொண்டு இறங்க வசதியாக, மூன்று பாதைகளின் முனைகளில் மரக் கம்பங்கள் நடப்பட்டிருக்கின்றன. நீர் ஏறியதும் அந்த மூன்றும் அலைக்கு அடியில் மறைந்துவிடுகின்றன. ஆகவே கிளாஸ்கோவிலிருந்து பத்தொன்பது பேரை ஏற்றிவரும் ‘ட்வின் ஆட்டர்’ விமானத்தின் கால அட்டவணை, கடலின் ஏற்றத்தையும் வற்றத்தையும் அனுசரித்து மாறுகிறது. விமானம் இல்லாத வேளைகளில் ஊரார் அதே மணலைக் கிளறி மட்டி பொறுக்குகிறார்கள். காற்றின் திசை காட்டும் துணிக்குழாய் கம்பத்தில் ஏற்றப்பட்டிருந்தால் கடற்கரையில் இறங்கக் கூடாது என்று ஓர் அறிவிப்புப் பலகை எச்சரிக்கிறது.

ஆயிரத்துச் சொச்சம் ஜனங்கள் வாழும் தீவுக்கு இத்தனை பிரயாசை எதற்கு என்று தோன்றலாம். பெருநிலத்தின் ஓபன் துறைமுகத்துக்குக் கப்பலில் போக ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மாரிக்காலத்துப் புயலில் அந்தக் கப்பலும் நின்றுபோகும். பெரிய வைத்தியசாலை கிளாஸ்கோவில் இருக்கிறது. பிரசவத்தில் சிக்கல் கண்ட பெண்ணுக்கும், மார்வலியால் துடிக்கும் முதியவருக்கும் ஐந்து மணி நேரம் என்பது எத்தகைய தூரம் என்பதை எண்ணிப் பார்த்தவர்கள், அந்த மணல்வெளியைப் பிரயாணிகளின் எண்ணிக்கையால் மட்டும் அளக்க மாட்டார்கள். இது இன்று பிறந்த ஞானமும் அன்று. 1933-ஆம் ஆண்டு மே மாதத்திலேயே ஐலா தீவிலிருந்து ஒரு நோயாளியை விமானத்தில் கிளாஸ்கோவுக்குக் கொண்டுசென்று காப்பாற்ற முயன்றார்கள். ஸ்காட்லாந்தின் ஆகாய ஆம்புலன்ஸ் சேவை அதிலிருந்து தொடங்குகிறது. மறு ஆண்டு, காப்டன் ஃபிரெஸ்ஸன் என்ற விமானி இன்வர்னஸிலிருந்து ஆர்க்னித் தீவுகளின் கர்க்வாலுக்குக் கிரமமாகத் தபால் சுமந்து செல்லத் தொடங்கினார்.

தரையில் நிலையம் இருந்தால் மட்டும் போதாது. அங்கே வந்து இறங்க விமானக் கம்பெனிக்கு மனம் வரவேண்டும். அதனால், பாரா, டைரீ, கேம்பெல்டவுன் ஆகிய இடங்களைக் கிளாஸ்கோவுடன் இணைக்கும் மார்க்கங்களைப் பொதுச் சேவைக் கடமையாகப் பிரகடனம் செய்து, இத்தனை தடவை பறக்கவேண்டும் என்று நிபந்தனை விதித்து, சர்க்கார் ஒப்பந்தம் செய்துகொள்கிறது. 2006 முதல் தூரத்துத் தீவுகளில் நிரந்தரமாக வசிப்பவர்களுக்குக் கட்டணத்தில் சலுகையும் உண்டு. பஸ் ஏறுவதுபோல் விமானம் ஏறவேண்டிய ஜனங்களுக்கு இதை யாரும் தானமாகக் கருதலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம். சமவெளியில் சாலை போடும் செலவைத் தானம் என்று ஒருவரும் சொல்வதில்லை அல்லவா?

பொதுநோக்கத்தை மறந்து கணக்குப் போட்டால் என்ன நேரும் என்பதற்கு இன்வர்னஸில் ஓர் அனுபவம் கிடைத்தது. 1990-களின் இறுதியில் அங்கே புதிய கட்டடம் எழுப்பத் தனியார் முதலீட்டை நாடி, வந்துபோகும் பிரயாணி ஒவ்வொருவருக்கும் இவ்வளவு தொகை என்று முதலீட்டாளர்களுக்குச் செலுத்த உடன்பட்டார்கள். கூட்டம் பெருகப் பெருக நிலையத்துக்கு லாபம் வருவதற்குப் பதிலாகக் கடன்பாடே பெருகியது. ஒரு பிராந்தியத்தை உலகத்தோடு இணைப்பதற்காக அமைந்த ஸ்தாபனம், பிரயாணிகள் அதிகம் வருவதை எண்ணிக் கவலைப்பட வேண்டிய விபரீதம் நேர்ந்தது. கடைசியில் பொதுப்பணத்தைக் கொடுத்து அந்த ஒப்பந்தத்தையே விலைக்கு வாங்கி முடித்தார்கள்.

அண்மையில் எழுந்த தகராறு இதைவிட நுட்பமானது. பல தீவுகளின் கட்டுப்பாட்டுக் கோபுரங்களில் இருந்து செய்யும் வேலையை, காமிராக்களின் உதவியால் இன்வர்னஸில் ஒரே இடத்திலிருந்து செய்துவிடலாம் என்று நிர்வாகம் திட்டமிட்டது. யந்திர சாமர்த்தியத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆள் கிடைக்காத இடங்களில் நிர்வாகத்துக்கு இருந்த சிரமமும் மெய்தான். ஆனால் நல்ல சம்பளமுள்ள உத்தியோகங்கள் சொற்பமாக உள்ள ஒரு தீவில், கோபுரத்து உத்தியோகஸ்தர் ஒருவர் குடும்பத்தோடு பெயர்ந்தால் பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் குறைகிறார்கள், கடைக்கு வியாபாரம் குறைகிறது. ஜனங்கள் தீவிலேயே தங்கி வாழ்வதற்காக ஏற்பட்ட ஸ்தாபனமே அவர்கள் வெளியேறக் காரணமாகலாமா என்று தீவினர் கேட்டார்கள். சிக்கனத்தைக் காட்டிலும் அந்தக் கேள்வியே எனக்கு நியாயமாகப் படுகிறது. எதிர்ப்பு வலுத்தபின், 2022-இல் நிர்வாகம் தன் போக்கை மாற்றிக்கொண்டு, முக்கியமான கோபுரங்களில் ஆட்களை அந்தந்த ஊரிலேயே தொடர்ந்து வைத்துக்கொள்ள இசைந்தது.