பூர்வகுடி மக்களின் கண்நலம்: ஆய்வும் சமூகத் தலைமையும்

ஆஸ்திரேலியாவின் அபோரிஜினல் மற்றும் டோரஸ் நீரிணைத் தீவு மக்களுக்கு ஏற்படும் பார்வை இழப்பின் பெரும்பகுதி, தடுக்கக்கூடியது அல்லது சிகிச்சையால் சரிசெய்யக்கூடியது. நீங்களோ நீங்கள் பராமரிப்பவரோ இச்சமூகத்தைச் சேர்ந்தவராயின், கீழ்க்காணும் தகவல்கள் உங்களுக்குப் பயன்படும்.

ஆய்வுகள் கூறுவது என்ன?

2016-ஆம் ஆண்டின் தேசியக் கண்நல ஆய்வின்படி, பூர்வகுடி மக்களிடையே பார்வைக் குறைபாடும் பார்வையின்மையும் பிற ஆஸ்திரேலியரிடையே உள்ளதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதி. முதன்மைக் காரணம், தக்க கண்ணாடி அணிந்தாலே நீங்கும் குறைபாடு. அடுத்த காரணங்கள் கண்புரையும் நீரிழிவு விழித்திரை நோயும் ஆகும். நீரிழிவு உள்ள பூர்வகுடிப் பங்கேற்பாளர்களுள் பாதியளவினரே உரிய கால இடைவெளியில் கண் பரிசோதனை செய்துகொண்டிருந்தனர்.

சமூகத் தலைமை ஏன் தேவை?

கண்புரை நீங்க, பரிசோதனை, மருத்துவரின் பரிந்துரை, அறுவை சிகிச்சை, மீள்பரிசோதனை எனப் பல படிகளைக் கடக்க வேண்டும். தொலைவு, செலவு, அறிமுகமற்ற மருத்துவமனைச் சூழல் ஆகியவற்றால் ஒரு படி தடைப்பட்டாலும் பார்வை திரும்பாது. மக்கள் நம்பிச் செல்லும் இடத்திலேயே சேவை கிடைக்கும்போது இத்தடைகள் குறைகின்றன. 1971-இல் சிட்னியின் ரெட்ஃபர்னில் தொடங்கிய அபோரிஜினல் மருத்துவ சேவையைப் பின்பற்றி, சமூகமே நிர்வகிக்கும் நலவாழ்வு நிலையங்கள் பல உருவாயின. விழித்திரையை ஒளிப்படம் எடுக்கும் கருவி இருந்தால், வழக்கமான நீரிழிவுப் பரிசோதனையின்போதே கண்களையும் பார்த்துவிடலாம். 2016 நவம்பர் முதல் இதற்கு மெடிகேர் உதவித்தொகையும் உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியவை

- நீரிழிவு உள்ள பூர்வகுடி மக்கள் ஆண்டுக்கொரு முறை விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தொடக்க நிலையில் அறிகுறி எதுவும் தோன்றாது. ஆகவே, பார்வை தெளிவாக இருப்பினும் தவிர்க்காதீர்கள்.
- இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்திருங்கள். புகைபிடிப்பதைக் கைவிடுங்கள்.
- குழந்தைகளின் முகத்தைத் தூய்மையாக வைத்திருங்கள். இமைகளைத் தாக்கும் டிரக்கோமா தொற்று பரவாமல் இருக்க இது உதவும்.
- பரிசோதனையின்போது கண்ணில் சொட்டு மருந்து இட்டால், சில மணிநேரம் பார்வை மங்கலாம். அப்போது வாகனம் ஓட்டாதீர்கள்.

பராமரிப்பாளர்களுக்கு

பரிசோதனைக்குச் செல்கையில் பழைய கண்ணாடியையும் மருந்துப் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். பயண உதவியோ மொழிபெயர்ப்பாளரோ தேவையெனில், நிலையத்தின் பூர்வகுடி நலப் பணியாளரிடம் முன்னதாகவே கூறுங்கள். அடுத்த சந்திப்பு நாளைக் கேட்டறிந்து குறித்துக்கொள்ளுங்கள்.

எப்போது உடனடி உதவி தேவை?

திடீர்ப் பார்வை இழப்பு, கடும் கண்வலி, ஒளிக்கீற்றுகள், புதிதாகத் தோன்றும் கரும்புள்ளிகள் ஆகியவற்றுள் எது ஏற்பட்டாலும் தாமதமின்றி மருத்துவ உதவி பெறுங்கள்.